மெழுகு வைத்த டப்பா

எனக்குச் சம்பளம் கொடுப்பது என் மூக்கு. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பழைய சினிமாச் சுருள்களைச் சேர்த்துப் பாதுகாக்கிற நிறுவனம் ஒன்றில் எனக்குப் பரிசோதனை அறையில் வேலை. யார் வீட்டுப் பரணிலிருந்தோ, எந்த மூடிய தியேட்டரின் கிடங்கிலிருந்தோ துருப்பிடித்த டப்பாக்கள் வந்து சேரும். திறந்து, முகர்ந்து, இது பிழைக்கும், இது பிழைக்காது, இதை இந்த நிமிஷமே குளிர் அறைக்குக் கொண்டு போ என்று பிரிப்பது என் பொறுப்பு.

நைட்ரேட் ஃபிலிம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பேசும்படம் வந்த புதிதில் ஹாலிவுட்காரர்கள் எடுத்ததெல்லாம் அதில்தான். பார்க்கப் பரம சாது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். வயதாக வயதாகப் பிசுபிசுக்கும், நுரைக்கும், கடைசியில் பழுப்புப் பொடியாக உதிரும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் நெருப்பு வேண்டியதில்லை, விடாத வெக்கை போதும். கெடத் தொடங்கும்போது ஒரு நெடி வரும், நனைந்த காலுறையைப் பையில் போட்டு மறந்துவிட்ட மாதிரி. அந்த நெடிதான் எங்களுக்கு எச்சரிக்கை. அதனால் நைட்ரேட் டப்பாவை நாங்கள் ஒருநாளும் இறுக்கி மூட மாட்டோம். உள்ளே இருக்கிற ஆவி வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். சாப்பிடும்போது, படுக்கும்போது, சண்டை போடும்போது எல்லாம் இதைத்தானே நான் பேசுகிறேன்! ஆனால் கேட்பது வேறு, காதில் போட்டுக்கொள்வது வேறு.

அவர் பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து பார்க்கிற மனுஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாய் பேசுவதைக் கேட்க வேண்டும். கிளினிக்கின் காத்திருப்பு அறையில் திரையை இறக்கி, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, அந்தக் காலத்து அமெரிக்கப் பேசும்படங்களைப் போடுவார். எல்லாம் கம்ப்யூட்டர் பிரதிதான், ஆபத்தில்லை. பஸ் டிரைவர் ஒருவர், காகிதக் கடைக்காரம்மா, ஆஸ்பத்திரி நர்சுகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் தவறாமல் வந்துவிடும். பல் வலி வந்தால்கூட இத்தனை ஒழுங்காக வர மாட்டார்கள்.

எனக்கு அந்தப் படங்கள் மேல் பெரிய காதல் கிடையாது. நான் அவற்றின் பிணத்தைப் பார்க்கிறவள். ஒருநாள் பஸ் டிரைவரிடம் வாய்விட்டே கேட்டேன், "இதுல அப்படி என்னதாங்க இருக்கு? யாரோ எப்பவோ போட்ட சண்டைக்கு நீங்க ஏன் மூக்கைச் சிந்துறீங்க?"

"இப்ப வர்ற படத்துல எங்க அழணும்னு வயலின் வந்து சொல்லிருது மேடம்," என்றார். "இதுல யாரும் சொல்றதில்ல. கதவு சாத்துற சத்தம், நடந்து போற சத்தம், அவ்ளோதான். நானா பாத்து அழுதுக்கறேன். அதுல ஒரு மரியாதை இருக்குல்ல?"

மேலே மாடியறையில் படுத்திருக்கும் என் நாத்தனார் இதையே வேறு மாதிரி சொல்வார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாக ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறார். மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குப் போகும். குழாயைக் கழற்றினால் சில நிமிஷங்களில் உதடு நீலம் பாரித்துவிடும். அதனால் கீழே வந்து படம் பார்க்க முடியாது. தரை வழியாகக் காதால் பார்ப்பார்.

"அப்பல்லாம் மைக்கைப் பூச்சாடிக்குள்ள ஒளிச்சு வெப்பாங்களாம். எவ்ளோ கோவம் வந்தாலும் அந்தப் பொண்ணு சாடியை விட்டு நகர முடியாது. நின்ன எடத்துலயே நின்னு பேசணும். நம்ம பொழப்பும் அதானம்மா," என்பார்.

சிறுமியாக இருந்தபோது பழைய படங்களை மறுபடி போட்ட தியேட்டரில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பார்த்த படம் ஒன்று உண்டு. அதில் கதாநாயகியை ஒரு கூடத்தில் நிறுத்தி வைத்து வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் பேசிப் பேசித் தீர்ப்பார்களாம். அவள் வாயே திறக்க மாட்டாளாம். தியேட்டர் முழுக்க மூச்சு விடாமல் காத்திருக்கும்போது, கடைசியில் "முடியாது" என்று ஒரே ஒரு சொல் சொல்வாளாம். "எனக்குப் பாத்த மாப்பிள்ளையை வேண்டாம்னு சொன்னேனே, அந்தத் தைரியம் அவ குடுத்தது," என்று அண்ணி சொல்லாத மாதம் கிடையாது. அந்தப் படத்துக்கு இப்போது பிரதி எங்குமே இல்லை. எங்கள் நிறுவனத்திலும் தேடிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணிக்கு மாத்திரை கொடுத்தேன், கை தவறி அது கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடிவிட்டது. முனகிக்கொண்டே குனிந்து போன் வெளிச்சத்தை அடித்தேன்.

ஆக்சிஜன் மெஷினின் பின்பக்கத்தில் சூடான காற்று வெளியே வருகிற ஓட்டை உண்டு. சரியாக அதன் எதிரே, மடித்த துண்டின் மேல், ஒரு ஃபிலிம் டப்பா இருந்தது.

தினமும் நூறு டப்பா பார்க்கிறவள் நான். என் வீட்டில் அதைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் என்னவென்றே புரியவில்லை. விளிம்பைச் சுற்றிலும் இளஞ்சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. பல் செட் செய்ய என் வீட்டுக்காரர் உருக்குகிற மெழுகு! இண்டு இடுக்கு இல்லாமல் அழகாக, அவர் கை வேலை. வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து நடக்காது. மனைவியின் மூக்குக்கு எட்டக் கூடாது என்று பல் டாக்டர் மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்.

மெழுகு ஒரு பக்கம் இளகி வழிந்திருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய மூடி நடுவில் உப்பியிருந்தது. விரல் நுனியால் தொட்டேன். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது. இளகின இடத்தின் வழியாக அந்த நெடி, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த நெடி, மெல்ல வந்து மூக்கில் ஏறியது.

வேலையில் இப்படி ஒரு டப்பா வந்தால் நாங்கள் அதைத் தொட மாட்டோம், அசைக்க மாட்டோம், திறக்கவே மாட்டோம். ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றது. திறந்தால் வருகிற புகை நல்ல நுரையீரலையே கருக்கிவிடும். இங்கே அதன் மேல் படுத்திருப்பவருக்கு நுரையீரலே அரைகுறை. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், மூலையில் ஆள் உயர ஆக்சிஜன் சிலிண்டர். இறங்க ஒரே மாடிப்படி, அதுவும் இருட்டில் கூட்டம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய் இறங்கும்.

"அண்ணி, இந்த டப்பா என்னது?"

அவர் முகம் மாறியது. "பாத்துட்டியா? அவன் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான்."

"எப்ப இருந்து இருக்கு?"

"மழை விட்டதுல இருந்து. நான் கேட்டனே அந்தப் படம், அதுல அந்தக் கட்டம் மட்டும் கெடச்சுதாம். ஏம்மா, உன் மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"எந்திரிங்க."

"என்னது?"

"கேள்வி கேக்காதீங்க அண்ணி, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். எந்திரிங்க!"

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப் போகிற சின்ன சிலிண்டர் கதவோரம் தொங்கியது. மெஷினை நிறுத்திவிட்டுக் குழாயைச் சிலிண்டரில் மாட்டப் பார்த்தேன். அவசரத்தில் குழாய் சிலிண்டர் வாயில் ஏறவே இல்லை. ஒருமுறை, மறுமுறை. அண்ணியின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் 'டிக்' என்று தகரம் நெளிகிற சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இப்படிக் குடு," என்று அண்ணி என் கையிலிருந்து பிடுங்கினார். "ஊருக்கே லைன் குடுத்த கைம்மா இது." ஒரே அழுத்து, குழாய் ஏறிவிட்டது.

படியில் ஒவ்வொன்றாக இறக்கினேன். இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நிற்கும்போதெல்லாம் என் காது மேலேயே இருந்தது. பாதியில் இருக்கிற திருப்பத்தில் அவரை உட்கார வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

காத்திருப்பு அறை இருட்டாக இருந்தது. திரையில் ஒருத்தி ஜன்னலோரம் நின்று நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள், இழையிழையான கரகரப்புக்கு நடுவே. ஒருவர்கூட அசையவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். என்னிடம்! அந்த நேரத்தில்!

"எல்லாரும் வெளிய போங்க," என்றேன். ஓடி வந்த மூச்சிரைப்பில் குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஒரே நிமிஷம் மேடம்," என்றார் காகிதக் கடைக்காரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தக் கட்டம் முடியட்டும். அவ சொல்லப் போறா."

"உக்காருங்க, மறைக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நேராகப் போய்ப் படம் விழுகிற வெளிச்சத்துக்கு நடுவில் நின்றேன். அந்தப் பெண்ணின் முகம் என் சட்டை மேல் பேசியது.

"மேல நெருப்பு! செத்துப் போயிருவீங்க, எந்திரிங்க!"

அப்போதுதான் நாற்காலிகள் சரிந்தன. நல்லவேளை, பஸ் டிரைவர் இருந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தினமும் சொல்கிற குரலில், "தள்ளாதீங்க, முன்னாடி போயிட்டே இருங்க, வாசல்ல நிக்காதீங்க, முன்னாடி போங்க," என்று எல்லாரையும் தெருவுக்கு அனுப்பினார். பிறகு என்னோடு வந்து அண்ணியை நாற்காலியில் உட்கார்த்தி ஒரு பக்கம் தூக்கினார். மறுபக்கம் நான்.

என் வீட்டுக்காரர் எங்கள் எதிரே நின்றார். "எங்க நெருப்பு? புகையே காணோமே?"

"உங்க டப்பா," என்றேன். "மெஷின் பக்கத்துல வெச்சிருக்கீங்களே, கொதிக்குது."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தெருப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் எங்களைத் தாண்டி மாடிப்படியில் மேலே ஓடினார்.

"ஐயோ, என்னங்க! போகாதீங்க!"

கையில் நாற்காலி. விட்டால் அண்ணி விழுவார், விடாவிட்டால் அவர் போவார். அப்படி ஒரு நிமிஷம் எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம். நான் நாற்காலியை விடவில்லை. அண்ணி வாயைத் திறந்து தம்பியைக் கூப்பிடப் பார்த்தார், சத்தமே வரவில்லை. வாசலைத் தாண்டும்போது மேலே குக்கர் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். சீறல் நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. பிறகு 'தப்' என்று ஜன்னல் கண்ணாடி தெருவில் கொட்டியது. மஞ்சளும் பழுப்புமாகப் புகை உருண்டு வந்தது.

"போயிட்டாரு," என்றேன் நான். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. அண்ணியை எதிர்ச்சாரியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். வாசலில் அவரே வந்து என் மேல் மோதினார். புருவம் இரண்டும் இல்லை, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததுமே பற்றிவிட்டதாம், உள்ளே கால் வைக்கவில்லையாம். நான் அவரைக் கட்டிக்கொண்டேனா அடித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டும் செய்தேன் என்று காகிதக் கடைக்காரம்மா பின்னால் சொன்னார்.

தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் யாரோ போன் செய்திருந்தார்கள். நான் அண்ணியின் காலடியில் மண்டியிட்டுச் சின்ன சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி பயத்தில் வேகவேகமாக மூச்சு இழுத்தார். இழுக்க இழுக்க முள் இறங்கியது.

"மெதுவா அண்ணி. மெதுவா இழுங்க."

கீழ்த்தளத்தில் மின்சாரம் போகவில்லை. யாரும் நிறுத்தாததால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. திறந்த வாசல் வழியாக அந்தப் பெண்ணின் குரல் தெருவுக்கு வந்தது. ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு வாக்கியம். உயிர் தப்பி வந்து நடுங்கிக்கொண்டு நின்ற கூட்டம், நீங்கள் நம்ப மாட்டீர்கள், பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் குரலைக் கேட்டது. அண்ணியும் கேட்டார். அவள் நிறுத்தின இடங்களில் அண்ணியின் மூச்சும் நின்று நின்று சீரானது. அப்போதுதான் பஸ் டிரைவர் சொன்ன மரியாதை என்னவென்று எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அவள் யாரையும் விரட்டாமல் பேசினாள்.

அண்ணி என் தலையைத் தன் பக்கம் இழுத்தார். "ஒண்ணு சொல்றேன். அவன்கிட்ட சொல்லிராத."

"பேசாதீங்க அண்ணி."

"அது அந்தப் படமே இல்லம்மா. கொண்டு வந்த அன்னிக்கே, என் மடியில வெச்சிட்டு அவன் போன் பேசப் போனான். தெறந்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். யாரோ ஆளுங்க சோப்பு அடுக்கிட்டு இருந்தாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்தான். பிள்ளை மூஞ்சிய எப்படிப் பாக்கறது? இதுதான்டா அதுன்னேன். தெறந்தா உதுந்துரும், அப்படியே மூடி வெச்சிருன்னும் நான்தான் சொன்னேன்."

அதற்குள் வண்டிகள் வந்துவிட்டன. ஆம்புலன்ஸ் நர்ஸ் அண்ணியை வாங்கிக்கொண்டு முகமூடி மாட்டினார். நான் தீயணைப்பு அதிகாரியிடம் ஓடி, நைட்ரேட் என்றும், உள்ளே பெரிய சிலிண்டர் இருக்கிறதென்றும், அந்தப் புகையில் முகமூடி இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாதென்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் திரும்ப மேல ஓடினவரா? அப்படி என்னங்க இருந்துச்சு அதுல?"

"சோப்பு," என்றார் இவர்.

"என்னது?"

"ஏதோ சோப்புக் கம்பெனி விளம்பரப் படம். மேல ஒட்டியிருந்த பேரைப் பாத்து வாங்கிட்டேன். வர்ற வழியிலேயே பிரிச்சுப் பாத்தேன்." புகை தின்ற தொண்டையில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "நான் சொல்றதுக்குள்ள அக்கா இதுதான்னு அவ்ளோ சந்தோஷப்பட்டுட்டா. என்னால இல்லன்னு சொல்ல முடியல."

"அப்புறம் எதுக்குய்யா நெருப்புக்குள்ள ஓடுனீங்க?"

"அது எரிஞ்சா அவ தாங்க மாட்டா சார்." என் பக்கம் திரும்பினார். "அக்காவுக்குத் தெரிய வேண்டாம், என்ன?"

இரண்டு பேர். ஒருவர் மனம் நோகாமல் இருக்க இன்னொருவர். அந்தப் பாழாய்ப்போன சோப்பு விளம்பரத்தைத் திறக்கவும் விடாமல், தூக்கி எறியவும் விடாமல், மெழுகு வைத்துக் கட்டிலுக்கு அடியில் அடைகாத்திருக்கிறார்கள். இத்தனை உயிர் போயிருக்கும்! நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் பின்கதவுக்குப் போனேன். அண்ணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். இவர் என் கையை அழுத்தினார். நான் யார் கெஞ்சலையும் கேட்கிற நிலையில் இல்லை.

"அண்ணி, அது சோப்புன்னு உங்க தம்பிக்குத் தெரியும். என்னங்க, உங்க அக்காவுக்கும் தெரியும். போதுமா? இப்பப் பேசிக்குங்க ரெண்டு பேரும்."

அண்ணி முகமூடியை இறக்கினார். நர்ஸ் தடுத்தும் கேட்கவில்லை. தம்பியின் புருவம் இல்லாத முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சுமாடா மேல ஓடுன?"

"தெரிஞ்சுமா அதும் மேல படுத்திருந்த?" என்றார் அவர்.

நர்ஸ் முகமூடியை மறுபடி ஏற்றிவிட்டு, "கூட ஒருத்தர் வாங்க," என்றார். நான் என் வீட்டுக்காரரை உள்ளே தள்ளினேன். கதவு மூடும்போது அண்ணி முகமூடியை மறுபடி இறக்கி ஏதோ சொல்ல, அவர் அதை மறுபடி ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது.

வண்டி தெருமுனையில் திரும்பியது. நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அழுதேன்.